ஒன்பது மணி கேஸ் ஏன் பத்தரைக்குத் தொடங்குகிறது? ஆபரேஷன் தியேட்டரில் லீன் முறை: புதிதாக இறங்குகிறவர்களுக்கு

போர்டில் "9 மணி, ஹெர்னியா" என்று எழுதியிருக்கிறது. சர்ஜன் எட்டே முக்காலுக்கே வந்துவிட்டார். டேபிள் துடைத்தாயிற்று, லைட் பார்த்தாயிற்று, ரத்தத்தை அடைக்கிற காட்டரிக் கருவியைப் போட்டுப் பார்த்தாயிற்று. நோயாளியைத்தான் காணோம். வார்டுக்கு போன் போகிறது. "அனுப்பிட்டோமே" என்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போன். "ஸ்டெச்சர் எக்ஸ்ரேக்குப் போயிருக்கு, வந்ததும் ஏத்திருவோம்." மயக்க டாக்டர் வாட்சைப் பார்க்கிறார். பதினொரு மணிக்கு அவருக்கு இன்னொரு ஆஸ்பத்திரியில் சிசேரியன் இருக்கிறது.

தென்காசி, செங்கோட்டை வட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் பல வருடம் தியேட்டர் சிஸ்டராக இருந்தவள் நான். இப்போது அதே பக்கம் தரமேம்பாட்டு வேலை பார்க்கிறேன். இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. எனக்குப் பிடிபட நாளான விஷயம் ஒன்று உண்டு. தியேட்டரில் தெரிகிற தாமதத்தில் பெரும்பகுதி தியேட்டரில் பிறப்பதில்லை. அது வார்டில் பிறக்கிறது, அட்மிஷன் கவுன்டரில் பிறக்கிறது, ஸ்டோர் சாவியில் பிறக்கிறது. சில நாள் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறக்கிறது. அந்தப் பிறந்த இடம்வரை நடந்துபோய்ப் பார்ப்பதுதான் லீன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

லீன் எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ முதலானவர்கள் வளர்த்த, விரயத்தைக் கண்டுபிடித்துக் களைகிற வேலைமுறை இது. 1988-ல் ஜான் கிராஃப்சிக் என்பவர்தான் இதற்கு 'லீன்' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2002-ல் இதை ஆஸ்பத்திரிக்குள் முழுவீச்சில் கொண்டுவந்தது. ஓனோ ஏழு வகை விரயங்களைச் சொன்னார்: காத்திருப்பு, வீண் நடை, பொருளை இங்கும் அங்கும் சுமப்பது, தேவைக்கு மேல் இருப்பு, தேவைக்கு மேல் செய்வது, தேவைக்கு முன்பே செய்து குவிப்பது, தப்பும் அதைத் திருத்துகிற மறுவேலையும். தியேட்டரில் ஒரு நாள் நின்றால் ஏழையும் மத்தியானத்துக்குள் பார்த்துவிடலாம்.

கார் கம்பெனி முறை நமக்கு எதற்கு என்று சில டாக்டர்கள் கேட்பார்கள். தியேட்டருக்கு இது அப்படியொன்றும் அந்நியம் இல்லை. 1910-களில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் அறுவை நடப்பதைப் படம் பிடித்துப் பார்த்தார். கருவியைத் தேடுவதிலேயே சர்ஜனின் நேரம் போவதைக் கண்டு, பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டதும் கையில் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். இன்று ஸ்க்ரப் சிஸ்டர் கத்தரியைக் கையில் வைப்பதற்குப் பின்னால் அந்தக் கதை இருக்கிறது. இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி அதை 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கினார். அங்கே ஒரு மேசையில் கண் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராகிவிடுவார். ஆனால் இதைப் பார்த்துவிட்டு நம் ஹெர்னியா தியேட்டரில் இரண்டு மேசை போடக் கிளம்பிவிடாதீர்கள். அது சின்ன கீறல், குறைந்த நேரம், பெரும்பாலும் மரத்துப்போகிற ஊசி மட்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 'முன்கூட்டியே தயார்' என்பதை.

முதல் இரண்டு வாரம் ஒன்றையும் மாற்றாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதல் நாளே அலமாரியை ஒழுங்குபடுத்தி லேபிள் ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம். முதலில் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு கேஸுக்கும் எட்டு நேரங்களை எழுதுங்கள்: வார்டுக்கு போன் செய்தது, நோயாளி தியேட்டர் வாசலுக்கு வந்தது, உள்ளே வந்தது, மயக்கம் தொடங்கியது, கீறல் போட்டது, தையல் முடிந்தது, நோயாளி வெளியே போனது, அடுத்த நோயாளி உள்ளே வந்தது. கடைசி இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் 'மாற்று நேரம்'.

எல்லா நேரத்தையும் ஒரே கடிகாரத்தில் பாருங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் நான் இருந்த ஒரு தியேட்டரில் உள்ளே இருந்த கடிகாரத்துக்கும் வாசல் கடிகாரத்துக்கும் ஏழு நிமிட வித்தியாசம். ஒரு வாரக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினோம்.

தாமதமானால் காரணத்தை எழுத ஒரு கட்டம் வையுங்கள். சொன்னவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ஆள் பெயர் மட்டும் எழுதாதீர்கள். ஒரு பெயர் எழுதினால் போதும், மறுநாளிலிருந்து நோட்டில் எல்லாக் கேஸும் சரியாக ஒன்பதுக்குத் தொடங்கியிருக்கும்.

அடுத்து, ஒரு நோயாளியோடு கூடவே நடங்கள். வார்டுக் கட்டிலிலிருந்து, மயக்கம் தெளிகிற ரெக்கவரி அறைவரை, குறுக்கே எதுவும் பேசாமல். பிறகு தரைப்படம் ஒன்றை வரைந்து, ஃப்ளோர் சிஸ்டர் (வேண்டிய பொருளை எடுத்துவந்து கொடுக்கிறவர்) ஒரு கேஸ் முடிவதற்குள் நடக்கிற பாதையைப் பென்சிலால் இழுங்கள். இடியாப்பம் பிழிந்த மாதிரி கோடு விழும். அதில் பாதிக் கோடு ஒரே இடத்துக்குப் போய்த் திரும்பும். அது பெரும்பாலும் நூல் அலமாரியாக இருக்கும், இல்லையென்றால் ஸ்டோர்.

மேலே சொன்ன ஸ்டெச்சர் கதைக்கு விடை எனக்கு இப்படி நடக்கும்போதுதான் கிடைத்தது. ஸ்டெச்சர் தள்ளுகிற அண்ணாச்சியிடம், "நம்ம ஸ்டெச்சரை எக்ஸ்ரேக்காரங்க ஏன் எடுக்காங்க?" என்று கேட்டேன். "அவங்க ஸ்டெச்சர் சக்கரம் ஒடைஞ்சு மூணு மாசமாச்சு சிஸ்டர். யாரும் எங்கிட்ட கேக்கலையே" என்றார். சக்கரம் மாற்ற ஒரு மத்தியானம் ஆனது.

ஒன்றை மட்டும் பிடியுங்கள்: முதல் கேஸ்

நோட்டில் பத்துப் பதினைந்து பிரச்சினை சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் தொடாதீர்கள். நாளின் முதல் கேஸ் குறித்த நேரத்தில் தொடங்குகிறதா என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது நழுவினால் பின்னால் உள்ள எல்லாம் நழுவும். கடைசி கேஸ்காரர் மூன்று மணிவரை பசியோடு கிடப்பார். தவிர, முதல் கேஸுக்கு "முந்தின கேஸ் இழுத்துவிட்டது" என்ற சாக்கும் கிடையாது.

'ஏன்' என்று ஐந்து முறை கேட்பது டொயோட்டாக்காரர்களின் பழக்கம். நான் பார்த்த ஒரு கேஸில் அது இப்படிப் போனது. கேஸ் ஏன் தாமதம்? நோயாளி வரவில்லை. ஏன்? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இல்லை, வார்டு சிஸ்டர் அனுப்ப மறுத்தார் (அவர் செய்தது சரி). ஏன் கையெழுத்து இல்லை? "வீட்டுக்காரர் வரட்டும்" என்றார் அந்த அம்மா. வீட்டுக்காரர் ஏன் வரவில்லை? கேரளத்துக் குளத்துப்புழைப் பக்கம் அவருக்கு ரப்பர் பால் வெட்டு. விடியும் முன் மரத்தைச் சீவி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் தென்மலை, ஆரியங்காவு வழியாகப் பஸ் பிடித்து வர முடியும். முதல் நாள் சாயங்காலமே அவரை ஏன் வரச் சொல்லவில்லை? அட்மிஷனில் "நாளைக்குக் காலையில ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். கையெழுத்து எப்போது வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆக, ஒன்பது மணி கேஸின் தாமதம் முதல் நாள் பிற்பகல் அட்மிஷன் கவுன்டரில் நடந்திருக்கிறது. வயது வந்து சுயநினைவோடு இருக்கிற நோயாளியின் ஒப்புதல்தான் ஒப்புதல். கணவர் கையெழுத்துக்காக அறுவை நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அம்மா கணவரிடம் பேசிவிட்டு முடிவெடுக்க விரும்பினால் அது அவருடைய உரிமை. அதற்கு நேரம் கொடுக்க வேண்டியது நம் வேலை. மயக்க டாக்டர் பார்த்து ஃபிட்னஸ் கொடுக்கிற அன்றைக்கே ஒப்புதலையும் பேசி முடிப்பது என்று மாற்றினோம். படிவத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் வைத்தோம். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் செங்கோட்டை. இங்கே பாதிப் பேருக்கு இரண்டு மொழியும் பேச வரும். ஆனால் பேசுவது வேறு, படித்துப் புரிந்து கையெழுத்துப் போடுவது வேறு.

கட்டனா, பாலா?

வெறும் வயிறு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேஸ் தள்ளிப்போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். பொதுவான விதி: லேசான சாப்பாட்டுக்கும் பாலுக்கும் மயக்கத்துக்கு முன் 6 மணி நேரம், தெளிந்த நீராகாரத்துக்கு 2 மணி நேரம். எண்ணெய், இறைச்சி என்று கனமாகச் சாப்பிட்டிருந்தால் இன்னும் அதிகம். முடிவு மயக்க டாக்டர் கையில்.

எல்லைப் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல். "டீ குடிச்சீங்களா?" என்றால் "ஆமா" என்பார்கள், கேஸ் ரத்தாகும். குடித்தது கட்டன் சாயா, அதாவது பால் விடாத டீ என்றால், அது தெளிந்த நீராகாரக் கணக்கில் வரும். இரண்டு மணி நேரம் போதும். பால் டீ என்றால் ஆறு. ஆகவே வார்டு சிஸ்டர் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: கட்டனா பாலா, எத்தனை மணிக்கு? இந்த இரண்டையும் ஒரு சீட்டில் அச்சடித்துக் கேஸ் ஷீட்டின் முகப்பில் குத்துங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் கூடாது" என்று எல்லாருக்கும் ஒரே பல்லவி பாடுவது. மத்தியானம் இரண்டு மணி கேஸ்காரர் பதினாலு மணி நேரம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடப்பார். நமக்கு வசதி, அவருக்கு வாதை. லிஸ்டில் அவரவர் நேரத்துக்கு எதிரே 'கடைசிச் சாப்பாடு', 'கடைசித் தண்ணீர்' என்று இரண்டு நேரத்தை எழுதிவிட்டால் தீர்ந்தது.

லிஸ்ட்

முதல் நாள் சாயங்காலம் ஒரு நேரத்தைக் குறித்து லிஸ்டைப் பூட்டுங்கள். அதற்கு மேல் அவசர கேஸ் மட்டும்தான் உள்ளே வரலாம். குழந்தைகளும் சர்க்கரை நோயாளிகளும் முன்னால். சீழ் பிடித்த கேஸ் கடைசியில். இது எல்லாருக்கும் தெரிந்ததே. அதிகம் பேர் யோசிக்காதது மயக்க டாக்டரின் நேரம். நம் ஊர்களில் ஒரே மயக்க டாக்டர் மூன்று நான்கு ஆஸ்பத்திரி பார்ப்பார். சர்ஜன், தியேட்டர், சிஸ்டர்கள் எல்லாரும் தயாராக இருந்தாலும் அவர் வரும் வேகத்தில்தான் நாள் நகரும். அப்படியானால் லிஸ்டை சர்ஜனின் வசதிக்குப் போடாமல் மயக்க டாக்டரின் நேரத்துக்குப் போடுங்கள். முழு மயக்கமும் முதுகு ஊசியும் தேவைப்படுகிற கேஸ்களை ஒன்றாகக் கட்டுங்கள். மரத்துப்போகிற ஊசி மட்டும் போடுகிற சின்ன கேஸ்களை அவர் இல்லாத நேரத்துக்கு ஒதுக்குங்கள். பெரிய சர்ஜனிடம் இதைச் சொல்வது லேசில்லை. நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள்.

மாற்று நேரம்: தவசுப்பிள்ளை செய்வதைச் செய்யுங்கள்

கல்யாண வீட்டில் தவசுப்பிள்ளை அடுப்பைப் பற்றவைத்த பிறகா காய் நறுக்குகிறார்? முதல் நாள் ராத்திரியே நறுக்கி, தேங்காய் துருவி, மசாலா அரைத்து வைத்துவிடுவார். அடுப்பு எரியும்போது அடுப்பு வேலை மட்டும்தான். தொழிற்சாலையில் இதே யோசனையை ஷிகேயோ ஷிங்கோ என்பவர் முறையாக வகுத்தார்: இயந்திரம் நின்றால்தான் செய்யக்கூடிய வேலை எது, ஓடும்போதே செய்யக்கூடியது எது என்று பிரி. இரண்டாவதை எல்லாம் முன்னால் தள்ளு.

தியேட்டரில் தோல் தையல் தொடங்கியதும் அடுத்த நோயாளிக்கு போன் போக வேண்டும். அவர் வாசல் அறைக்கு வந்ததும் அடையாளம், ஒப்புதல், அறுவைப் பக்கத்துக் குறி, வெறும் வயிறு, கழற்றிய நகை எல்லாவற்றையும் அங்கேயே பார்த்து முடியுங்கள். மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் ஊசிப் பாதை போடுவதும் அங்கேயே. அடுத்த செட்டை (கருவிப் பொதியை) எடுத்து, உறை நனையாமல் கிழியாமல் இருக்கிறதா, கிருமி நீக்கும் சூடு பட்டதைக் காட்டுகிற நாடாவில் கோடு கறுத்திருக்கிறதா என்று பார்த்து, பிரிக்காமல் வெளியே வையுங்கள். முந்தின நோயாளி உள்ளே இருக்கும்போது அடுத்தவரின் செட்டைப் பிரிக்கக் கூடாது. நோயாளி வெளியே போனதும் இரண்டு பேர், யாருக்கு எந்தப் பக்கம் என்று முன்பே பேசிவைத்து இறங்க வேண்டும். ஒருவர் கருவியையும் கழிவுப் பைகளையும் பார்ப்பார், இன்னொருவர் டேபிளையும் தரையையும் பார்ப்பார்.

எதைச் சுருக்கக் கூடாது என்பதையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கிருமிநாசினி தரையில் ஈரமாக நிற்க வேண்டிய நேரம் பாட்டில் லேபிளில் இருக்கும். அதைக் குறைக்கக் கூடாது. ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) சுற்றைப் பாதியில் நிறுத்தக் கூடாது. மஞ்சள் பை, சிவப்பு பை, ஊசிக்கான வெள்ளை டப்பா என்று 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகள் சொல்கிற பிரிப்பை "அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்று தள்ளக் கூடாது. மாப் (காயத்தில் ரத்தம் ஒற்றுகிற துணி), ஊசி, கருவி எண்ணிக்கையை அவசரப்படுத்தக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். மாற்று நேரம் குறைகிறது என்ற உற்சாகத்தில் இருந்த நாட்கள். வயிறு திறந்த கேஸ், தையலுக்குத் தயாராகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டாவது முறை மாப் எண்ணிக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் சொல்லும்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்புறம் மெல்லிய குரலில், "சார், கவுன்ட் டாலி ஆகலை" என்றாள். சர்ஜன் கையை நிறுத்தினார். எல்லாரும் தேடினோம். ஒரு மாப், டேபிளுக்கு அடியில் இருந்த வாளியின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் என் குரலுக்குப் பயந்து "சரி" என்று சொல்லியிருந்தால்? அந்த மாப் வெளியேதான் இருந்தது என்பது எங்கள் அதிர்ஷ்டம், என் திறமை இல்லை.

டொயோட்டாவில் கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து வேலை வரிசையையே நிறுத்தலாம். நம் தியேட்டரில் அந்தக் கயிறு, உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். 19 விஷயங்கள், மூன்று நிறுத்தங்கள்: மயக்கத்துக்கு முன், கீறலுக்கு முன், நோயாளி வெளியேறும் முன். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2009-ல் வெளியிட்டபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-ஆகக் குறைந்திருந்தது. கேஸ் முடிந்த பிறகு உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் போடுவதற்குப் பெயர் பட்டியல் இல்லை. வாய்விட்டுக் கேட்க வேண்டும், வாய்விட்டுப் பதில் வர வேண்டும்.

செட்டும் சாரலும்

ஹெர்னியா செட்டைப் பிரித்துப் பாருங்கள். யாரோ ஒரு பழைய சர்ஜன் கேட்டார் என்று சேர்த்த ஃபோர்செப்ஸ் இன்னும் அதில் இருக்கும். செட்டைப் பிரித்துவிட்டால் தொடாத கருவியையும் கழுவி, எண்ணி, மறுபடி ஆட்டோகிளேவில் வைத்தாக வேண்டும். ஒரே வகை கேஸ் பதினைந்து இருபதுக்கு எந்தக் கருவி பயன்பட்டது என்று ஒரு தாளில் டிக் போடுங்கள். பிறகு சர்ஜனை உட்காரவைத்து, அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். நாமாக எடுத்தால் சண்டை வரும். திடீரென்று ரத்தம் பீறிட்டால் தேவைப்படுகிற கிளாம்புகள் வருடத்துக்கு ஒரு தடவைதான் பயன்படும். அவற்றைத் தூக்கி எறியாமல் தனி உறையில் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

எங்கள் ஊரில் இதற்குப் பருவகாலம் உண்டு. ஆனி, ஆடியில் சாரல் இறங்கிவிட்டால் துணி காயாது. ஈரத் துணியில் செட் கட்டினால் ஆட்டோகிளேவிலிருந்து நனைந்தே வரும். நனைந்த பொதி கிருமி நீங்கியதாகக் கணக்கில்லை, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ஊரே குற்றாலத்தில் குளிக்கிற அந்த நாட்களில்தான் எங்களுக்கு "செட் இல்லை, கேஸ் நிற்கட்டும்" என்ற போன் அதிகம். வருடாவருடம் வருகிற சாரலுக்கு வருடாவருடம் திகைப்பதில் அர்த்தமில்லை. வைகாசியிலேயே கூடுதல் துணி செட்டோ உலர்த்தும் இயந்திரமோ ஏற்பாடு செய்துவிடுங்கள்.

தையல் நூலுக்கு வீட்டு சிலிண்டர் கணக்குப் போதும். இரண்டு சிலிண்டரில் ஒன்று தீர்ந்ததும் புக் பண்ணிவிட்டு அடுத்ததை மாட்டுகிறோம் இல்லையா? ஒவ்வொரு நூல் அளவுக்கும் முன்னால் ஒரு டப்பா, பின்னால் ஒரு டப்பா. முன் டப்பா காலியானதும் அதிலிருக்கிற அட்டை ஸ்டோருக்குப் போகும். ஜப்பான்காரர்கள் இதைக் கான்பான் என்கிறார்கள். ஸ்டோர் சாவி ஒருவர் இடுப்பில் இருந்து, அவர் சாப்பிடப் போன நேரத்தில் 2-0 விக்ரில் தையல் நூல் தீர்ந்தால் எந்த முறையும் உதவாது. இரவுக்கும் ஞாயிறுக்கும் சாவி எங்கே என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

தினமும் பத்து நிமிடம்

காலை முதல் கேஸுக்கு முன் நின்றபடியே பேசுங்கள். உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் அரைமணி. வார்டு, தியேட்டர், ஸ்டோர், அட்மிஷன் நால்வரும் வேண்டும். ஸ்டெச்சர் அண்ணாச்சியும், துடைக்கிற அக்காவும் கட்டாயம் வேண்டும். நேற்று முதல் கேஸ் எப்போது தொடங்கியது, எத்தனை கேஸ் ரத்தானது, ஏன், இன்றைக்கு எது இடிக்கும். இவ்வளவுதான். போர்டில் மூன்று எண்ணுக்கு மேல் எழுதாதீர்கள், படிக்க மாட்டார்கள்.

நிர்வாகம் இதைக் கேட்டதும் "அப்போ ரெண்டு ஆளைக் குறைக்கலாமா?" என்று கேட்கக்கூடும். அன்றோடு எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். மிச்சமாகிற நேரத்துக்காக யாரையும் வேலையை விட்டு எடுப்பதில்லை என்ற வாக்கை முதலிலேயே வாங்கிவிடுங்கள், முடிந்தால் எழுத்தில். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று ஒரே ராத்திரியில் அலமாரி முழுக்க லேபிள் ஒட்டச் சொன்னால், ஒட்டுங்கள். ஆனால் அதை லீன் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதல் கேஸ் தொடர்ந்து சில வாரம் நேரத்துக்குத் தொடங்கினால் அடுத்ததற்குப் போகலாம். அநேகமாக அப்போது ரெக்கவரியில் படுக்கை காலியில்லாமல் கேஸ் நிற்பது கண்ணில் படும். அங்கேயும் அதே நோட்டு, அதே எட்டு நேரம் மாதிரி ஒரு வரிசை. நோட்டோடு பேனாவை நூலால் கட்டிவிடுங்கள். கட்டாத பேனா எங்கள் தியேட்டரில் ஒரு ஷிஃப்ட் தாண்டியதில்லை.